வைக்கோலில் வைத்த திராட்சை

எங்கள் வீட்டில் திராட்சை காய்த்த கதையை அப்பா சொல்லிக் கேட்டவர்கள் ஊரில் நிறையப் பேர். காரைக்குடி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவருக்குக்கூடச் சொல்லியிருக்கிறார். "இந்தச் செம்மண்ணுல, இந்த வெயில்ல, திராச்சையைக் காய்க்க வச்சவன் நான்" என்று தொடங்குவார். அந்தக் கதையில் நான் கிடையாது. அம்மாவும் கிடையாது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கும்போதே எரிச்சலாகத்தான் இருக்கிறது, முடிக்கும்போது குறையும் என்றும் தோன்றவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. திருப்பத்தூர் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். ஊரில் பாதிக்குமேல் எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரக் குடும்பங்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் இரண்டு மா, ஒரு சப்போட்டா, ஒரு கொய்யா. அவற்றைப் பற்றி அப்பாவுக்கு எல்லாம் தெரியும், அதில் குறை சொல்ல மாட்டேன். காம்பில் பால் வற்றும் நேரம் பார்த்து மாங்காய் பறிப்பார், வைக்கோல் பரப்பிய கூடையில் அடுக்கிச் சாக்கால் மூடுவார், சரியாகப் பழுக்கும்போது திறப்பார். சப்போட்டாவும் அப்படியே. தெருவில் யார் வீட்டில் மாங்காய் பறித்தாலும் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள்.

திராட்சை அவர் கொண்டுவந்தது இல்லை. கம்பம் பக்கம் வாக்கப்பட்டுப் போன என் சித்தி, அம்மாவின் தங்கை, ஒரு தடவை வந்தபோது ஈரச்சாக்கில் சுற்றி இரண்டு திராட்சைக் குச்சிகளைக் கொண்டுவந்தாள். அப்பா பார்த்துச் சிரித்தார். "அது மலையடிவாரத்துச் சாமான். நம்ம வெயிலுக்குக் கருகிப் போகும்" என்றார். அம்மா துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் குழி பறித்து ஊன்றினாள். ஒன்று பட்டுப்போனது. ஒன்று தழைத்தது.

கோடையில் எங்கள் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விடும். குடிக்க இறைப்பதே பெரும்பாடு, இதில் கொடிக்கு எங்கே ஊற்றுவது? அதனால் அரிசி களைந்த தண்ணீர், குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். கல்லிலிருந்து கொடியின் தூருக்கு ஒரு சின்ன வாய்க்கால் இருந்தது. கொடி கொஞ்சம் வளர்ந்து அழகு காட்டிய பிறகு அதை வெட்டிக் கொடுத்தவர் அப்பா. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சவுக்குக் கம்பு நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டோம். இரண்டாவது கோடையில் பந்தல் நிறைய இலை. இலைக்குள் தேடினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொத்துகள் தொங்கின. அதுவரை "உன் கொடி", "உங்க அம்மா கொடி" என்று இருந்தது அன்றைக்கே "நம்ம கொடி" ஆனது. ஒரு வாரத்தில் "என் கொடி" ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து சக வாத்தியார்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். அம்மா அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். ஒரு மரமோ கொடியோ முதன்முதலாகக் காய்த்தால் அந்த முதல் கனி கோயிலுக்கு. திருவிழாப் பூசை முடிந்ததும் கோழி, தேங்காய், பலாப்பழம் என்று வந்த காணிக்கையையெல்லாம் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். கோயிலுக்குப் போய்ச் சேரும்வரை வீட்டில் ஒருவரும் அதை வாயில் வைக்கக் கூடாது, வைத்தால் எச்சில். மாங்காய்க்கும் தேங்காய்க்கும் அந்த வழக்கத்தால் ஒரு நட்டமும் வந்ததில்லை.

மே மாதம் திருவிழா. அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது கொத்துகளில் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. சில பழம் கருஞ்சிவப்பு, சில இளஞ்சிவப்பு, சில பச்சை. அப்பா ஏணியைச் சாத்தினார். அம்மா கீழே நின்று, "ஒண்ணை வாயில போட்டுப் பாத்துட்டுப் பறிக்கலாம்ல? அவசரமாப் பறிக்கிறீகளே" என்றாள்.

"கோயிலுக்குப் போற மொதக் கனியை எச்சிப் பண்ணச் சொல்றியா?"

"அதுக்கில்ல. இன்னும் பச்சை கிடக்கே."

"மாங்கா என்ன பழுத்தா பறிக்கிறோம்? வைக்கல்ல வச்சா தன்னால இனிக்கும். உனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அப்படித்தான் திராட்சை வைக்கோலுக்குப் போனது. எழுதும்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. நடுவீட்டு மூலையில் கூடை. கூடைக்குள் வைக்கோல், அதன்மேல் கொத்து, அதன்மேல் மறுபடி வைக்கோல், எல்லாவற்றுக்கும் மேல் சாக்கு. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அப்பா சாக்கை விலக்கி மோந்து பார்ப்பார். காம்பு காய்ந்து, பழம் லேசாகச் சுருங்கி, நிறம் கறுத்துக்கொண்டு வந்தது. "பாத்தியா, பழுத்துக்கிட்டு வருது" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

திருவிழா அன்றைக்கு அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், தாம்பாளத்தில் வாழையிலை விரித்து, உள்ளதில் நல்ல கொத்தாக வைத்து எடுத்துப் போனார். ஊரில் அதுவரை யார் தோட்டத்திலும் திராட்சை காய்த்ததில்லை. பங்குச் சாமியார் பூசையிலேயே அதைச் சொல்லிப் பாராட்டினார். அப்பா அப்போது திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அம்மா இருந்த பெண்கள் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

ஏலத்தில் போட்டி பலமாக இருந்தது. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவர் விடாமல் கேட்டு எடுத்தார். தாராள மனசுக்காரர். எடுத்த இடத்திலேயே சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகப் பிய்த்துக் கொடுத்தார், தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. பிள்ளைகள் வரிசையாகத் துப்பின. ஒரு குழந்தை அழுதது. கூட்டத்திலிருந்து யாரோ, "வாத்தியாரே, இது திராச்சையா, கிளாக்காயா?" என்று கேட்க, கோயில் வாசலே சிரித்தது. "வாத்தியார் வீட்டம்மாட்டச் சொல்லி ஊறுகா போடுங்கப்பா" என்று இன்னொரு குரல். அப்பாவும் சிரிப்பதுபோல் வைத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்.

ஊர் சிரித்ததில் தப்பொன்றும் இல்லை. புளிக்கிற பழத்தைக் கொடுத்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். அப்பாவும் அதோடு விட்டிருந்தால் இதை நான் எழுதவே வேண்டியதில்லை.

வீட்டில் திருவிழா விருந்து. உறவுக்காரர்கள் முற்றம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவருடைய அக்கா, என் அத்தை, எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "வயசுக்கு வந்த பிள்ளைய நேரங்காலம் பாக்காம கொடிக்கடியில விட்டா அது எப்படி இனிக்கும்? தீட்டுப் பட்டிருக்கும்."

அத்தை வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள். அவளை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். ஆனால் அப்பா அந்தப் பேச்சை விழுந்தடித்துப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அது கையில் கிடைத்துவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார். நான் குழம்பு வாளியோடு நின்றேன்.

"வீட்டுக்குத் தூரமா இருக்கையில அந்தப் பந்தலுக்கு அடியில போனியா நீ?"

ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த பெண்ணிடம், மாமன் மச்சான் சித்தப்பா பெரியப்பா எல்லோரும் சோறு தின்றுகொண்டிருக்கும் இடத்தில், கேட்கிற கேள்வியா இது?

போனேன். போகாமல் எங்கே போவது? அந்த நாட்களில் அடுப்படிக்குள் வரக் கூடாது, மாதா படம் இருக்கும் பீடத்துப் பக்கம் வரக் கூடாது, பின்னால் போய் உட்கார் என்று சொன்னது இதே வீடுதான். பின்னால் என்றால் பந்தல்தான். அங்கேதான் நிழல். அங்கேதான் துவைக்கிற கல். அந்தத் துணியை அலச எனக்கு வேறு கல் யார் போட்டுக் கொடுத்தார்கள்? அலசிய தண்ணீர் கொடியின் தூருக்குத்தான் போனது. அந்த வாய்க்காலை வெட்டியவர் யார்? இரண்டு வருடமாக அந்தத் தண்ணீரில்தான் அது தழைத்தது, கொழுத்தது, காய்த்தது. காய்த்தபோது அது அவர் கொடி. புளித்தபோது மட்டும் என்னால்.

இதெல்லாம் இன்றைக்கு வருகிற பேச்சு. அன்றைக்குத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன், அதையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். "அதான பாத்தேன்" என்றார் அப்பா. சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததே, அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கோயில் வாசலில் போன மானத்தை முற்றத்தில் என்னை விற்று மீட்டுக்கொண்டார்.

விருந்து முடிந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். தொங்கியதை வெட்டினார், ஏணி போட்டு ஏறிப் பந்தல்மேல் படர்ந்ததை வெட்டினார். தூரையும் வெட்டப் போனவரை அம்மா தடுத்தாள். கையைப் பிடிக்கவெல்லாம் இல்லை. தூருக்கு முன்னால் போய் நின்றாள், அவ்வளவுதான். "நகருடி" என்றார். நகரவில்லை. அரிவாளைக் கல்லில் போட்டுவிட்டுப் போய்விட்டார். பந்தல் மேலே இலை ஒன்றுகூட இல்லை, குட்டை குட்டையாகக் கொடித் துண்டுகள் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தன. அம்மா தழையை அள்ளி ஆட்டுக்குப் போட்டாள்.

வைக்கோல் கூடையில் இன்னும் கொத்துகள் மிச்சம் இருந்தன. அப்பா குப்பையில் கொட்டச் சொன்னார். அந்த வாரம் கண்மாய் வற்றி ஊரே மீன் பிடித்துக்கொண்டிருந்தது, எங்களுக்கும் கெண்டை வந்தது. அம்மா திராட்சையை வேகவைத்துப் பிசைந்து, வடிகட்டி, புளிக்குப் பதிலாக அந்தச் சாற்றில் குழம்பு கூட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா இரண்டாம் தடவை சோறு போடச் சொன்னார்.

"இன்னைக்குக் கொழம்பு எடுப்பா இருக்கே. புளி புதுசா?"

"ஆமா, புதுசுதான்" என்றாள் அம்மா.

தீட்டுப் பட்ட பழத்தை உள்ளங்கையில் வழித்து நக்கிக்கொண்டிருந்தார் மனுஷர். எனக்கு உரக்கச் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, அதனால் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில் சித்தி வந்தாள். அதற்குள் வெட்டுப்பட்ட கொடித் துண்டுகளிலிருந்து புதுத் துளிர் கிளம்பிப் பந்தலைத் தொட்டிருந்தது. துளிருக்குத் துளிர் கடுகுபோல மொட்டுக் கொத்து. முன்னால் தேடிப் பார்த்த கொத்து இப்போது தேடாமலே தெரிந்தது. சித்தி அண்ணாந்து பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அத்தான், தெரிஞ்சு வெட்டுனீகளோ தெரியாம வெட்டுனீகளோ, நல்லதாப் போச்சு. திராச்சையை வெட்டிவிட்டாத்தான் காய்க்கும். எங்க பக்கம் கவாத்துன்னு சொல்லுவாக."

அம்மா அப்போதுதான் திருவிழாவில் நடந்ததைச் சொன்னாள். வைக்கோல் என்றதும் சித்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வைக்கல்லயா? ஐயோ அத்தான்! அது மாங்கா இல்ல. பறிச்ச திராச்சை பறிச்சபடிதான், அப்புறம் எங்குட்டு வச்சாலும் இனிக்காது. நெறத்தைப் பாத்தும் ஏமாறக் கூடாது. தோட்டத்துல ஒண்ணைத் தின்னு பாத்துட்டுத்தான் கத்தரியவே எடுப்பாக."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "டீ குடிச்சிட்டு வாரேன்" என்று கிளம்பினார். அம்மா பின்னாலேயே வாசல்வரை போனாள். அவள் சொன்னது நடுவீட்டில் இருந்த எனக்குக் கேட்டது.

"பிள்ளையச் சொன்னது தப்புன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லீருங்க."

"முடிஞ்சதக் கிளறாத" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வார்த்தை. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. புதுப் பாவாடை கேட்டேனா, கொலுசு கேட்டேனா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பார்த்தால் அப்பா இரண்டு பேரை நிறுத்தி வைத்துக் 'கவாத்து' பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். எந்தக் கொடியில் எத்தனை கணு விட்டு வெட்ட வேண்டும் என்பதுவரை கையால் அளந்து காட்டினார். என்னைப் பார்த்ததும் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

மழைக்கு முன்னால் கொத்துகள் நிறம் ஏறின. பந்தல் தாழும்படி காய்ப்பு. அப்பா மறுபடி சட்டம் போட்டார்: போன தடவைதான் கெட்டுப்போனது, இந்தத் தடவை முறைப்படி கோயிலுக்குப் போகாமல் யாரும் தொடக் கூடாது. என்னைத் தனியாகப் பார்த்து, "அந்த மாதிரி நாள்ல அங்குட்டே போகாத" என்றார். சித்தி சொன்னதெல்லாம் கேட்ட பிறகும் இந்தப் பேச்சு.

ஒருநாள் காலை. எனக்கு வீட்டுக்குத் தூரம், சுவரோரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கிணற்றடியில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து பந்தலுக்கு நடுவில் நின்றாள்.

"ஏத்தா, இங்குட்டு வா."

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"அங்க என்ன பார்வை? உன்னையத்தான் கூப்பிடுறேன். வந்து இதுல ஒண்ணைப் பறிச்சுத் தின்னு பாரு."

அப்பா நுரை முகத்தோடு திரும்பினார். "என்னடி செய்ற நீ?"

"ருசி பாக்கச் சொல்றேன். யாராச்சும் ஒருத்தர் பாத்துத்தான ஆகணும். அவ பாக்கட்டும்."

"கோயிலுக்குப் போறது..."

"சாமி ஒண்ணும் சொல்லாது. சொன்னா என்னைச் சொல்லட்டும்."

அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்து போனேன். ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டேன். இனிப்பு லேசாகத் தெரிந்தது, கடைசியில் புளிப்பு தாடையை இழுத்தது.

"இன்னும் புளிக்குதும்மா."

"சரி, நாளைக்கும் பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் தினமும் பார்த்தேன். அந்த நாட்களிலும் பார்த்தேன், தலைக்குக் குளித்த பிறகும் பார்த்தேன். வேண்டுமென்றே ஒவ்வொரு கொத்தையும் தொட்டேன். அப்பா காலையில் சவரத்தைக் கிணற்றடியிலிருந்து வாசலுக்கு மாற்றிக்கொண்டார். புளிப்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, ஒரு காலையில் அறவே இல்லாமல் போனது. பன்னீர் வாசனையோடு அப்படி ஓர் இனிப்பு. "பறிக்கலாம்" என்றேன். என் வாயைப் பார்த்துத்தான் அந்த வீட்டில் கத்தரி எடுத்தார்கள்.

கோயிலுக்குப் போன கொத்தில் அங்கங்கே பழம் குறைந்திருந்தது. கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை, "அணில் கொறிச்சிருச்சா?" என்று கேட்டார். "மக ருசி பாத்தா" என்று அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். சாமியார் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, "அருமையா இருக்கே" என்றார். அப்பா முன்னால் வந்து, "கவாத்துதான் சாமி, எல்லாம் கவாத்துலதான் இருக்கு" என்றார்.

அம்மா இப்போது இல்லை. அப்பா காரைக்குடியில் என்னோடுதான் இருக்கிறார். பல்லெல்லாம் போய்விட்டது, திராட்சை என்றால் மட்டும் உயிர். விதையில்லாததாகப் பார்த்து வாங்குவேன். தட்டில் வைத்தால் தொட மாட்டார், நான் ஒன்றைத் தின்று பார்க்கும்வரை காத்திருப்பார். "இனிக்குதா?" என்பார். இனிக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் கை நீளும். இதற்கெல்லாம் அர்த்தம் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாயால் சொல்ல முடியாததை இப்படிச் சொல்கிறார்போல என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

போன கோடையில் ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அப்பா, அன்னைக்குத் திருவிழாவுல திராச்சை புளிச்சதுக்கு நான்தான் காரணமா?"

"எந்தத் திராச்சை?" என்றார்.

"நம்ம வீட்டுக் கொடி. எல்லார் முன்னாடியும் வச்சு என்னையக் கேட்டீகளே."

கண்ணைச் சுருக்கினார். முகம் மலர்ந்தது. "நான் கவாத்துப் பண்ணுனேனே, அதா? என்னா காய்ப்பு! ஊரே வந்து பாத்துச்சு."

நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. இத்தனை வருடம் நான் சுமந்துகொண்டு திரிந்தது அவர் தலையில் ஒரு மூலையில்கூட இல்லை. வயசான மனுஷர், போகட்டும் என்று விட்டிருக்கலாம், விடுகிறவர்கள் இருப்பார்கள். நான் விடவில்லை. அவர் முன்னால் இருந்த திராட்சைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், நின்றபடியே அத்தனை பழத்தையும் நானே தின்றேன். "இனிக்குதா?" என்று அங்கிருந்து கேட்டார்.

"புளிக்குது" என்றேன்.